விழுமியங்கள் எங்கே உறைகின்றன? – மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்து ஆரம்பக் கல்வி பற்றிய ஒரு விமரிசன நோக்கு

1

ஒரு நாவலாசிரியர் தமது நூலின் முன்னுரையில் எந்நோக்கங்களைக் கூறியுள்ளார் என்பதை மட்டும் வைத்து அந்நாவலை எவரும் மதிப்பிடுவதில்லை. கதை எவருடைய வாழ்வை நடுவிற் கொள்கிறது, எவரைப் பேசவிடுகிறது, எவரைப் பின்னணியில் நிறுத்துகிறது, எத்தகைய முடிவை இயல்பானதெனக் காட்டுகிறது என்பவற்றைக் கொண்டே அதன் உண்மையான நோக்குத் துணியப்படுகிறது. முன்னுரைக்கும் படைப்புக்குமிடையே முரண்பாடு காணப்படுமிடத்துப் படைப்பே சான்றாகக் கொள்ளப்படும். கல்விக் கலைத்திட்டத்தையும் இம்முறையிலேயே வாசித்தல் வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

1991ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பெற்ற தேசிய கல்வி ஆணைக்குழு, 1992இல் வெளியிட்ட தனது முதலாவது அறிக்கையில் ஒன்பது தேசிய இலக்குகளை வகுத்தது. தேசிய ஒருமைப்பாடு, சமூக நீதி, உற்பத்திப் பணிக்கான ஆயத்தம் முதலானவை அவற்றுள் அடங்கும். அவற்றை அடைவதற்கான அடிப்படைத் தேர்ச்சிகள் ஐந்தும் உடன் கூறப்பட்டன. இவ்விலக்குகளை அடித்தளமாகக் கொண்டே 1990களின் இறுதியில் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இவ்விலக்குகளுள் எதனையும் மறுக்க முற்போக்காளருக்குக் காரணமில்லை. எவரும் மறுக்கவியலாத அளவுக்கு அவை பொதுமையானவை என்பதே சிந்தனைக்குரியது. நோக்கங்களின் பட்டியலில் உடன்படுவோர் பலர், அந்நோக்கங்கள் வகுப்பறையில் என்னவாகின்றன என்ற வினாவை எழுப்புவதில்லை.

இவ்வினாவை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய முற்படுகின்றோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி, கடலோரமான எழுவான்கரையையும் வயல்சார்ந்த படுவான்கரையையும் பிரித்தும் இணைத்தும் கிடப்பது. ஒருபுறம் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி. மறுபுறம் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, மண்டூர். மீன்பிடியும் வேளாண்மையும், தமிழரும் முஸ்லிம்களும், போடியாரும் கூலியாளரும் சந்திக்கும் இப்பிரதேசத்திலே கல்வியின் நோக்கங்கள் மோதிப் பார்க்கப்படுவதற்கு வேண்டிய முரண்பாடுகள் யாவும் உள்ளன.

2

இப்பிரதேசத்தின் நவீன பாடசாலை வரலாறு 1814இல் வெஸ்லியன் மிஷனரியான வில்லியம் ஓல்ற் மட்டக்களப்பில் வந்திறங்கியதோடு ஆரம்பமாகிறது. அவர் தொடக்கிய பள்ளியே பின்னர் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. மிஷனரிமாரைப் பொறுத்தவரை பள்ளியின் நோக்கம் ஐயத்துக்கிடமின்றித் தெளிவானது: எழுத்தறிவு வேதத்துக்கு வாயில். ஆயின், அந்நோக்கத்தின் தெளிவு அரசின் தலையீட்டோடு வேறொரு வடிவம் பெற்றது.

1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்ப மானியம் வழங்கும் முறை புகுத்தப்பட்டது. வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றிற் பிள்ளை காட்டிய தேர்ச்சிக்கு அரசு பணம் கொடுத்தது. சமயபோதனையை அது பரீட்சிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. இவ்வேற்பாடு வெறும் நிருவாக வசதியன்று என்பதே எமது கருத்து. அளக்கத்தக்க அறிவு அரசுக்கும், அளக்கவியலாத விழுமியம் சமய நிறுவனத்துக்கும் உரியனவாகப் பங்கிடப்பட்டன. பிள்ளையின் தந்தை செய்யும் தொழில், தாய் பாடும் தாலாட்டு, ஊரின் ஆடல் ஆகியன இப்பங்கீட்டில் எப்பக்கத்திலும் இடம்பெறவில்லை. அவற்றுக்கு மானியமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

இவ்விரட்டைப் பிளவு எமது ஆரம்பக் கல்வியின் அடிக்கட்டுமானமாக இன்றுவரை நிலைத்துள்ளது. இன்றும் விழுமியக் கல்வி பற்றிப் பேசுவோர் சமய பாடத்தையே முதலிற் சுட்டுவர். அடைவு பற்றிப் பேசுவோர் பரீட்சைப் புள்ளிகளையே சுட்டுவர். முகாமையாளர் மாறினர், பங்கீடு மாறவில்லை.

3

இப்பிளவைக் கடக்க முயன்றோருள் விபுலாநந்த அடிகளை (1892–1947) முதலில் நோக்குதல் தகும். காரைதீவிற் பிறந்த அவர் விஞ்ஞானம் பயின்றவர். யாழ்ப்பாணத்திலே சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர். துறவு பூண்டபின் கிழக்கில் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தினார். 1929இல் வாவிக்கு அண்மையிற் கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயம் அப்பணியின் உச்சம். வசதியற்ற பிள்ளைகளுக்கான இல்லமும் அதனோடு இணைந்து இயங்கியது.

அடிகளின் கல்வி நோக்குச் சமயஞ்சார்ந்தது என்று ஒதுக்கிவிடுவது வரட்டுவாதமாகும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய காலத்தில் (1931–33) அயலிலுள்ள திருவேட்களத்து ஒடுக்கப்பட்ட மக்களிடையே அவர் பணியாற்றியமையும், விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கும் பொருட்டுக் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டமையும் ஒரே நோக்கின் இரு வெளிப்பாடுகள். 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே மட்டக்களப்பு வாவியின் இசையொலி 'நீரரமகளிர்' என்னும் பகுதியில் இடம்பெறுகின்றது. பாடுமீன் என மக்கள் கூறிவந்த ஓர் உள்ளூர் அனுபவம், சுருதிக் கணக்குகளும் பண்டை இலக்கியச் சான்றுகளும் நிறைந்த ஓர் ஆராய்ச்சி நூலில் இடம்பெறத் தகுதியுடையது என அவர் கருதியமை கல்வியியல் நோக்கிலும் முக்கியமானது. உள்ளூர் அனுபவம் அறிவின் வாயிலாகலாம். அவ்வாயிலினூடே செல்லவேண்டிய தூரம் பெரிது என்னும் இரு உண்மைகளும் அதில் ஒருங்கே உள்ளன.

ஆயினும் எல்லைகளையும் கூறுதல் வேண்டும். விடுதியை மையமாகக் கொண்ட கல்வி, ஏழைப் பிள்ளையை அதன் உழைக்கும் சூழலிலிருந்து வெளியே கொணர்ந்து உயர்த்த முற்பட்டது. சூழலின் உற்பத்தி உறவுகளை அது வினாவுக்கு உட்படுத்தவில்லை. போடியாரின் தருமத்துக்கும் கூலியாளின் வறுமைக்கும் இடையிலான தொடர்பு அப்பாடசாலையின் பாடமாகவில்லை. சேவை என்ற விழுமியம் நீதி என்ற விழுமியத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அக்காலத்துச் சமய மறுமலர்ச்சி இயக்கங்கள் யாவற்றுக்கும் பொதுவான எல்லை இது.

இன்னொரு முயற்சி அதிகம் பேசப்படாதது. வித்தியாதரிசியாகக் கடமையாற்றிய தி. சதாசிவ ஐயர் 1940இல் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டைப் பதிப்பித்தார். வசந்தன் இளைஞரும் சிறுவரும் கோலடித்து ஆடும் ஆடல். தெய்வங்களைப் பற்றிய பாடல்களோடு வேளாண்மைத் தொழிலைப் பாடுவனவும் அதிலுண்டு. தாளம், எண்ணிக்கை, அணிவகுப்பு, கூட்டொழுங்கு, உச்சரிப்பு என ஆரம்பக் கல்வி வேண்டி நிற்கும் பயிற்சிகள் பல அதில் இயல்பாகவே உள்ளன. பாடசாலைகளை மேற்பார்வை செய்த அலுவலர் ஒருவர், பாடசாலைக்கு வெளியே பிள்ளைகள் கற்றுவந்த கலையைத் தேடிப் பதிப்பித்தார் என்பது சிறப்பு. அவர் தொகுத்தது நூலாயிற்று. பாடசாலையின் நாளாந்த வேலையாகவில்லை என்பது வரலாற்றின் அங்கதம். 1960களிற் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன அரங்குக்குக் கொணர்ந்தபோதும், அதன் பயன் பல்கலைக்கழகத்தையும் நகர அரங்கையும் எட்டிய அளவுக்குப் படுவான்கரையின் ஐந்தாம் வகுப்பை எட்டவில்லை.

4

கல்வியின் சனநாயகமயமாக்கம் 1940களில் இடம்பெற்றது. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கை, ஆரம்பக் கல்வி தாய்மொழியில் அமைதல் வேண்டும் என்றது; தலை, இதயம், கை ஆகிய மூன்றின் இசைவான வளர்ச்சியைக் கல்வியின் இலட்சியமாக வைத்தது. 1937இல் காந்தியடிகள் முன்வைத்த வார்தா ஆதாரக் கல்வியின் சிந்தனைச் சூழலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. 1944இல் அரசாங்க சபையிலே சிங்களத்தை மாத்திரம் முன்னிறுத்திய பிரேரணைக்குத் தமிழையும் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர், கிழக்கைப் பிரதிநிதித்துவப்படுத்திய வ. நல்லையா. வாவிக்கரைப் பிள்ளை தன் மொழியிற் படிக்கும் உரிமை இயல்பாகவே கிடைத்த ஒன்றன்று. வாதாடிப் பெறப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன; வந்தாறுமூலையில் அமைந்தது அவற்றுள் ஒன்று. 1981இல் அவ்வளாகத்திலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய பாடசாலைக்குச் செல்ல அமைக்கப்பட்ட பாலமே ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் முறை. அதன் தோற்றம் முற்போக்கானது என்பதை மறுக்கவியலாது. ஆயின், பாலம் நாளடைவில் வாயிற்காவலாயிற்று. இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பத்து வயதில் இப்பரீட்சையை எதிர்கொள்கின்றனர். புகழ்பெற்ற நகரப் பாடசாலைக்கு இடம்பெறும் போட்டியாக அது மாறியபின், தனியார் வகுப்புக்குப் பணமும் வீட்டிற் பயிற்றுவிக்கப் படித்த பெற்றோரும் உடைய பிள்ளைகளே முந்துவது இயல்பு. ஏழைக்கென வகுத்த ஏணியில் இருப்போர் ஏறுகின்றனர்.

1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தையும் இங்கு குறிப்பிடுதல் வேண்டும். அது ஆரம்ப வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த கலைத்திட்டத்தைக் கொணர்ந்தது. ஆறாந் தரத்துக்கு மேல் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. ஊரின் மீன்பிடியையோ நெசவையோ வேளாண்மையையோ பாடமாக்க அது இடமளித்தது. உழைப்பையும் கல்வியையும் இணைத்தல் சமூக மாற்றத்துக்கு வலுவான கருவி என்ற கருத்தை மார்க்ஸ் 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமரிசித்தபோது வலியுறுத்தினார். ஆயின், பல்கலைக்கழக வாயில் பழையபடியே இருக்க, கிராமப் பிள்ளைக்கு மட்டும் தொழில் என்ற ஐயம் பெற்றோரிடையே எழுந்தது. அவ்வையம் அறியாமையால் எழுந்ததன்று. வர்க்க அனுபவத்தால் எழுந்தது. 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அச்சீர்திருத்தம் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

5

1990களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் கலைத்திட்ட வடிவமைப்பிற் குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். ஐந்தாண்டுகளும் மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டன. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்று கற்றல் முறைகள் பிள்ளையின் வளர்ச்சிக்கேற்ப மாறும் விகிதத்திற் கலக்கப்பட்டன. தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் ஒருங்கிணைந்த பாடம் அமைந்தது. பிள்ளையின் சூழலிலிருந்து அறிவு தொடங்குதல் வேண்டும் என்பது இப்பாடத்தின் அடிப்படை.

சூழல் என்பது யாது? வாவிப் பிரதேசத்தில் நீர் என்ற கருப்பொருளை எடுத்துக்கொள்வோம். நீரின் பயன்கள், நீரைச் சிக்கனமாகப் பேணுதல், தூய நீர், மாசடைந்த நீர் என வழக்கமான முறையிற் பாடம் நடைபெறக்கூடும். பிள்ளை மிதப்பன, தாழ்வன எவையெனச் செய்துபார்க்கும். இவையாவும் வேண்டியவையே. ஆயின், வாவிக்கரைப் பிள்ளை வீட்டிற் கேட்கும் நீர்ப்பிரச்சினை வேறானது. மாரிவெள்ளத்தில் வாவி பெருகும்போது முகத்துவாரத்து மணற்றிட்டை எப்போது வெட்டுவது? தாழ்நிலத்து வயல் மூழ்காதிருக்க விரைந்து வெட்டவேண்டும் என்பர் வேளாண்மை செய்வோர். வாவியின் மீனும் இறாலும் கடலோடு போய்விடும், காலமறிந்தே வெட்டவேண்டும் என்பர் தோணியும் வலையும் கொண்டு வாழ்வோர். உப்புநீர், நன்னீர், மழைக்காலம், மீனினத்தின் பெருக்கம், நெல்லின் பருவம், இரு தொழில் மக்களின் நலன், முடிவெடுக்கும் அதிகாரம் என விஞ்ஞானமும் சமூகவியலும் அறவியலும் ஒன்றாகக் கூடும் இடம் அது. தேசிய இலக்குகள் கூறும் சமூக நீதியையும் விமரிசனச் சிந்தனையையும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கும் வகையிற் கற்பிப்பதற்கு இதனினும் சிறந்த பாடம் கிடைத்தலரிது. ஆயினும் அது பாடமாவதில்லை. பரீட்சை வினாவாக அது வரப்போவதில்லை என்பது ஒரு காரணம். விழுமியம் என்றால் ஒற்றுமை, முரண்பாடு விழுமியத்துக்குப் புறம்பானது என்ற கருத்துநிலை அதனினும் ஆழமான காரணம்.

சூழல் என்பது மரஞ்செடிகளும் பறவைகளும் அயலவரும் சேர்ந்த அமைதியான படமாகக் காட்டப்படும்போது, அப்படத்திலிருந்து உழைப்பு மறைந்துவிடுகிறது. மீன் வரும், மீன்பிடிப்போனின் கடன் வராது. நெல் வரும், வட்டையில் நாற்கூலிக்கு நிற்பவள் வரமாட்டாள்.

இங்கு ஒரு தவறான முடிவுக்கு வாராதிருத்தல் வேண்டும். உள்ளூர் அறிவைப் பாடசாலைக்குள் கொணர்ந்தாற் போதும் என்பது அம்முடிவு. 1923இல் இத்தாலியில் ஜென்ரிலே கொணர்ந்த கல்விச் சீர்திருத்தத்தை மனத்திற்கொண்டு கிராம்சி சிறைக்குறிப்புகளில் எழுப்பிய எச்சரிக்கை எமக்கும் பொருந்தும். பழைய பள்ளியின் கடும் பயிற்சியைக் கைவிட்டு இயல்பான செயற்பாட்டை மட்டும் போற்றும் கல்வி, வெளித்தோற்றத்திற் சனநாயகமானது. விளைவில் வர்க்க வேறுபாட்டை நிலைபெறச் செய்வது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இலக்கணமும் கணிதமும் உழவர் பிள்ளைக்குப் பாடசாலையிற் கிடைக்காவிடின் வேறெங்கும் கிடையா. பேசில் பேர்ன்ஸ்ரைன் 1970களில் விளக்கியதும் இதனோடு ஒத்தது: விளையாட்டுவழிக் கற்பித்தலின் விதிகள் வெளிப்படையாகக் கூறப்படாதவை, அவ்விதிகளை வீட்டிலேயே அறிந்துவரும் நடுத்தர வர்க்கப் பிள்ளைக்கே அம்முறை எளிதாகிறது. தாய் அதிகாலையில் வயலுக்கோ வெளிநாட்டு வீட்டுவேலைக்கோ சென்றுவிட்ட வீட்டிலே, பாடசாலை விட்டுவைத்த மறுபாதியைக் கற்பிப்பவர் எவருமில்லை.

எனவே சூழலிலிருந்து தொடங்குவதும், சூழலைக் கடந்து கருத்துருவ அறிவுக்குச் செல்வதும் ஒரே செயலின் இரு அசைவுகள். முன்னையதை மட்டும் பிடித்தால் நாட்டாரியல் அலங்காரம். பின்னையதை மட்டும் பிடித்தால் மனனம்.

6

ஒன்பது இலக்குகளுள் முதன்மை பெறுவது தேசிய ஒருமைப்பாடு. இதனை வாவிப் பிரதேசத்தின் பாடசாலை அமைப்போடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்வி வலயங்களுள் மட்டக்களப்பு மத்தி வலயம், நிலத்தொடர்ச்சியற்ற காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பகுதிகளின் முஸ்லிம் பாடசாலைகளை ஒன்றாக்குவது. அதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1990ஆம் ஆண்டின் கொடூரங்களுக்குப் பின் அச்சமும், தமது நிருவாகம் தமக்கு வேண்டுமென்ற நியாயமான வேட்கையும் அங்கு இருந்தன. அவற்றைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆயின், ஒரே வாவியில் வலைவீசும், ஒரே சந்தையில் விற்கும் இரு சமூகத்தாரின் பிள்ளைகள் ஐந்தாண்டு ஆரம்பக் கல்வியில் ஒரு நாளேனும் ஒரு வாங்கில் அமராத நிலையில், ஒருமைப்பாடு என்ற சொல் பாடநூலின் படத்திலேயே வாழும். மொழி ஒன்றாயிருந்தும் பாடசாலை வேறாயிருப்பதை எக்கலைத்திட்ட ஆவணமும் பிரச்சினையாகக் கொள்வதாகத் தெரியவில்லை.

பாடசாலையாற் செய்யப்படாததைப் பாடசாலைக்கு வெளியே ஒரு முயற்சி செய்துகாட்டியது. போர்க்காலத்திலே 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞரான போல் ஹோகனும் மட்டக்களப்பில் தொடக்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா, தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகளை ஓவியம், களிமண், கதை, நாடகம் ஆகியவற்றின் வழியே ஒன்றாகக் கூட்டியது. அதன் உளவியல் நோக்கு எமது நோக்கன்று. எனினும், சமாதானம் என்ற விழுமியத்தை அது ஒரு பாடமாகக் கற்பிக்காது, பிள்ளைகள் சேர்ந்து செய்யும் வேலையின் ஒழுங்கமைப்பாக மாற்றியமை கவனத்துக்குரியது. சீலாமுனையிற் கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டோரும் கூத்தைக் காட்சிப்பொருளாகக் கொள்ளாது, ஆடுவோரே விவாதித்து மாற்றும் சமூகச் செயலாகக் கொண்டனர். இவ்விரண்டிலும் விழுமியம் நடைமுறையில் உறைந்துள்ளது.

ஆசிரியர் நிலையும் விழுமியப் பிரச்சினையே. படுவான்கரைப் பாடசாலைகளிற் கற்பிப்போருட் பலர் எழுவான்கரையில் வசித்து நாள்தோறும் வாவியைக் கடப்பவர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும் அப்பயணம் ஒருபகுதியில் எளிதாயிற்று. குருமண்வெளி – மண்டூர் போன்ற துறைகளிலே நீண்டகாலம் 'பாதை'யே வழியாயிருந்தது. கடைசிப் பாதையைப் பிடிக்கவேண்டிய ஆசிரியருக்குப் பிள்ளையின் வீட்டை அறிய நேரமேது? அவரது அர்ப்பணிப்பைக் குறைகூறுவது எளிது. கிராமத்தில் ஆசிரியர் விடுதியும், சுமை குறைந்த வகுப்பும், கலைத்திட்டத்தைத் தம்மூருக்கேற்ப மாற்றும் அதிகாரமும் அவருக்கு வழங்கப்பட்டனவா என வினவுவதே நேர்மை. மத்தியிலே வகுத்த தேர்ச்சிப் பட்டியலை அடையாளமிட்டு நிரப்புவோராக ஆசிரியரை வைத்துக்கொண்டு, பிள்ளையிடம் ஆக்கத்திறனை எதிர்பார்ப்பது முரண்.

7

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். விழுமியங்கள் கலைத்திட்டத்தின் முகப்பிலோ சமய பாடவேளையிலோ உறைவனவல்ல. எவருடைய உழைப்பை அறிவாகப் பாடசாலை ஏற்கிறது, எவரோடு எவர் அமர்ந்து கற்கின்றனர், எதற்குப் புள்ளி வழங்கப்படுகிறது என்னும் மூன்றிலுமே அவை உறைகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெறுபேற்று மானியம் வகுத்த பங்கீட்டை இலவசக் கல்வியும் பின்வந்த சீர்திருத்தங்களும் முற்றாக உடைக்கவில்லை. அவை கொணர்ந்த உரிமைகள் மெய்யானவை. அவ்வுரிமைகளின் உள்ளடக்கம் இன்னும் நிறைவுறவில்லை.

ஆகவே எமது கோரிக்கைகள் தெளிவானவை. ஐந்தாந் தரப் பரீட்சை பத்து வயதுப் பிள்ளையைத் தரம்பிரிக்கும் கருவியாக நீடிக்கும்வரை, வேறெந்த நோக்கமும் வகுப்பறையில் ஆட்சிபெறாது. ஏழைப் பிள்ளைக்கான உதவித்தொகையை அப்போட்டியிலிருந்து பிரித்து வழங்குதல் வேண்டும். சுற்றாடற் பாடத்தின் ஒரு பகுதியை வலய மட்டத்தில் ஆசிரியரும் மீனவர், விவசாயிகள் சங்கங்களும் சேர்ந்து ஆக்குதல் வேண்டும். அதன் முடிவில் பிள்ளை அளவீட்டையும் வரைபடத்தையும் கட்டுரையையும் கைக்கொண்டிருத்தல் வேண்டும். வலய எல்லைகளைக் கலைக்காமலே, அயலிலுள்ள தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் வாரத்தில் ஒரு நாளேனும் ஒன்றாகக் கற்க ஒழுங்கு செய்தல் வேண்டும். அந்நாளின் பாடம் வாவியாக அமைவதற்கு எத்தடையும் இல்லை.

இவை பெரும் புரட்சிகரக் கோரிக்கைகள் அல்ல. சமூக அமைப்பு மாறாமற் பாடசாலை முற்றாக மாறாது என்பதை நாம் அறிவோம். எனினும், அம்மாற்றத்துக்குரிய மனிதர் இப்பாடசாலைகளிலிருந்தே வரவேண்டியவர்கள். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என ஐந்தாம் வகுப்பில் வழக்காடிக் கற்ற பிள்ளை, நாளை அம்முடிவு எவர் கையில் இருக்கவேண்டும் எனவும் வினவும். அவ்வினாவை எழுப்ப வல்ல பிள்ளையை உருவாக்குவதே ஆரம்பக் கல்வியின் நோக்கம் எனக் கொள்வோர், அந்நோக்கத்துக்கான இடத்தைப் பாடவேளை அட்டவணையிலே கோரிப் பெறுதல் வேண்டும்.